ஃபோர்டு வளைந்து கொடுத்த இடங்கள்

பழைய ஃபோர்டு ஐகான் ஒன்று எங்காவது நின்றுகொண்டிருந்தால் அதன் முகத்தைப் பார்க்காதீர்கள். பின்கதவைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்துச் சிறிய கார்களின் பின்கதவு பாதித் தூரம் வந்ததும், இதற்கு மேல் மனமில்லை என்பதுபோல நின்றுவிடும். ஐகானின் கதவு இன்னும் கொஞ்சம் விலகும். அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் ரசனைக்குரிய விஷயம் இருக்கிறது.

புடவை கட்டிய பெண்கள் காரில் ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். பேன்ட் போட்ட ஆள்போல ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து ஏறுவதில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, இருக்கையின் ஓரத்தில் முதலில் உட்காருவார்கள். ஒரு கை கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும். பிறகு இரண்டு கால்களும் ஒன்றாக உள்ளே போகும். கடைசியாக முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். இவ்வளவும் நடக்கக் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே ஓர் ஆள் திரும்புகிற அளவுக்கு இடம் வேண்டும். இடம் போதாவிட்டால் முந்தானை கதவு இடுக்கில் மாட்டும், கீலில் இருக்கும் கிரீஸ் ஜரிகையில் ஒட்டும். பட்டு நெய்கிறவர்கள் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. ஒரு கல்யாணப் புடவையில் எத்தனை நாள் தறி ஓடியிருக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

1999 நவம்பரில் வந்த ஐகானுக்கு அடிப்படை, ஐரோப்பாவில் ஓடிய ஃபியஸ்டா. டிக்கி தனியாக இல்லாத குட்டைக் கார் அது. அதற்கு நம் ஊர் விருப்பப்படி டிக்கி சேர்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. சேலை கட்டியவர்கள் ஏறி இறங்கப் பின்கதவு அகலமாகத் திறக்கும்படி மாற்றினார்கள். தலைப்பாகை கட்டியவர்களுக்காகப் பின்னிருக்கைக்கு மேலே கூரையை உயர்த்தினார்கள். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர் எஞ்சினுக்குள் போகாமலிருக்க, காற்று உறிஞ்சும் வழியில் தடுப்பு வைத்தார்கள். பள்ளம் மேடுகளுக்காக ஷாக் அப்சார்பரைக் கெட்டியாக்கினார்கள். எங்கள் பக்கம் தலைப்பாகையோடு கார் ஏறுகிறவர்கள் குறைவு. ஆனாலும் அந்தக் கூடுதல் உயரம் வீணாகவில்லை; ஜடை அலங்காரமும் தலை நிறையப் பூவுமாக வரும் கல்யாணப் பெண் அதில் தலை குனியாமல் உட்கார்ந்து போனாள்.

நுணுக்கம் பார்ப்பது எங்கள் உத்திரமேரூர்க்காரர்களுக்குப் பரம்பரை வியாதி. ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது இரண்டு முறை வெட்டப்பட்டது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919இல் ஒரு விதி செய்தார்கள். அதில் குறை தெரிந்ததும் 921இல் திருத்தி மறுபடி வெட்டினார்கள். வேட்பாளர் வயது 30 முதல் 60 என்று இருந்தது, 35 முதல் 70 என்று மாறியது. கார் கம்பெனிக்காரர்கள் இதைத்தான் ஃபேஸ்லிஃப்ட் என்கிறார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால், ஃபோர்டு என்ற அமெரிக்கக் கம்பெனியின் நூற்றிருபது வருஷக் கதை எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. எத்தனை கார் விற்றது, எத்தனை குதிரைசக்தி என்பதெல்லாம் அப்புறம். அது எந்தெந்த ஊர்ச் சாலைக்கு, எந்தெந்த ஆளுக்கு வளைந்து கொடுத்தது என்று பார்த்தால்தான் சுவை.

அந்த வளைவு முதல் பெரிய காரிலேயே இருக்கிறது. 1903 ஜூனில் டெட்ராய்ட்டில் தொடங்கிய கம்பெனி, 1908 அக்டோபர் 1 அன்று மாடல் டி காரை வெளியிட்டது. அன்றைய அமெரிக்க நாட்டுப்புறச் சாலை நம் ஏரிக்கரைப் பாதைக்கு எந்த விதத்திலும் மேலானதில்லை. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் குதிரை வண்டிச் சக்கரம் அறுத்த ஆழமான தடம். காரின் இரண்டு சக்கரமும் அந்தத் தடத்தில் சரியாக இறங்கினால்தான் பிழைத்தது. இல்லாவிட்டால் ஒரு பக்கம் பள்ளத்திலும் ஒரு பக்கம் மேட்டிலுமாகச் சாய்ந்துகொண்டே போக வேண்டும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் வண்டிச் சக்கரங்களுக்கு இடையே 56 அங்குலம். தென் மாநிலங்களில் வண்டிகள் அகலம் கூடியவை, 60 அங்குலம். ஹென்றி ஃபோர்டு என்ன செய்தார்? மாடல் டியை இரண்டு அகலத்திலும் கொடுத்தார். தெற்கே வாங்குகிறவருக்கு 60 அங்குல அச்சு. ஒரே மாதிரி காரை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய ஆள் என்றுதான் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். அந்த ஆளே கிராமத்து வண்டித்தடத்துக்கு நாலு அங்குலம் விட்டுக்கொடுத்திருக்கிறார். மாடல் டியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அடியில் குனிந்து பார்த்தால் இன்னும் இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே பட்டைச் சுருள்கள். அவையும் நீளவாக்கில் இல்லாமல் குறுக்காக வளைந்து கிடக்கும். எஞ்சினைச் சட்டத்தில் மூன்று புள்ளிகளில் மட்டும் தாங்கவிட்டிருப்பார்கள். நாலு புள்ளியில் இறுக்கிக் கட்டினால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும்போது எஞ்சினும் சேர்ந்து முறுக்கும், ஏதாவது ஒன்று விரியும். மூன்று புள்ளியில் நின்றால் சட்டம் பாட்டுக்கு நெளியும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்குமே, அதே கணக்குத்தான். வனேடியம் கலந்த உறுதியான எஃகைப் பயன்படுத்தியதால் பாகங்கள் மெலிதாகவும் இருந்தன, நெளியவும் செய்தன. வலுவை எடையில் வைக்காமல் நெளிவில் வைத்த கார்.

ஓட்டுவது மட்டும் இன்றைய டிரைவருக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்று பெடல் உண்டு, ஆனால் ஆக்சிலரேட்டர் அதில் இல்லை. இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதியில் நியூட்ரல், விட்டால் டாப். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். எரிபொருளைக் கூட்டுவதும் குறைப்பதும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சின்ன நெம்புகோலில், கையால். அதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நெம்புகோல், தீப்பொறி விழும் நேரத்தை மாற்ற. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், பம்ப் கிடையாது; தானாக வழிந்து எஞ்சினுக்குப் போக வேண்டியதுதான். செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் உயர்ந்தால் பெட்ரோல் வராது. அதனால் மலை ஏறுகிறவர்கள் காரைத் திருப்பி ரிவர்ஸிலேயே ஏறினார்கள். குறை என்று சொல்லலாம். காரோடு உடலால் பழகியவர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி.

கறுப்பு நிறம் தவிர வேறு எதிலும் மாடல் டி வந்ததில்லை என்று ஒரு பேச்சு உலகமெங்கும் ஓடுகிறது. பாதிதான் உண்மை. முதல் சில வருஷங்களில் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் உண்டு. கறுப்பு மட்டும் என்பது 1914 முதல் 1925 வரை. 1913இல் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் கார் நகர, ஆள் நிற்கும் வரிசை முறை வந்தது. ஒரு சேஸிஸ் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம் சுருங்கி ஒன்றரை மணி ஆனது. 850 டாலரில் தொடங்கிய விலை 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. 1927இல் நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி வண்டி ஓடியிருந்தது. இந்தக் கணக்கையெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகமே சொல்லிவிடும், மேலே போவோம்.

நம் நாட்டுக்கு வந்த ஃபோர்டு நேராக டெட்ராய்ட்டிலிருந்து வரவில்லை. ஆற்றைத் தாண்டி எதிர்க்கரையில் இருந்த கனடா ஃபோர்டிடம்தான், பிரிட்டன் நீங்கலாக, பிரிட்டிஷ் பேரரசின் நாடுகள் ஒப்படைக்கப்பட்டிருந்தன. 1926இல் இந்தியாவில் ஃபோர்டு கம்பெனி பதிவானதும் அந்தக் கனடா கம்பெனியின் கிளையாகத்தான். பம்பாய், கல்கத்தாவோடு சென்னையும் அதன் தளமாக இருந்தது. இதிலும் ஒரு கதவு இருக்கிறது. அமெரிக்காவில் செய்த திறந்த மாடல் டியில் டிரைவர் பக்கக் கதவு வெறும் பொய். தகட்டில் கதவுபோலக் கோடு அழுத்தியிருப்பார்கள், திறக்காது. டிரைவர் மறுபக்கம் ஏறி நகர்ந்து வர வேண்டும். கனடாவில் செய்ததில் நாலு கதவும் நிஜமாகத் திறந்தன. இடப்பக்க ஸ்டியரிங், வலப்பக்க ஸ்டியரிங் இரண்டையும் செய்ய வேண்டிய கம்பெனி, எந்தப் பக்கம் டிரைவர் உட்கார்ந்தாலும் ஏற வழி வைத்தது. சென்னை ராஜதானியின் ஃபோர்டு டிரைவர்கள், டெட்ராய்ட் டிரைவருக்கு வாய்க்காத மரியாதையோடு தங்கள் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார்கள்.

நீல நீள்வட்டத்துக்குள் வெள்ளையில் சாய்வாக ஓடும் ஃபோர்டு என்ற பெயரையும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். அது ஹென்றி ஃபோர்டின் கையெழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1903இல் அதை எழுதியவர் சைல்ட் ஹெரால்ட் வில்ஸ் என்ற எஞ்சினியர். சிறுவயதில் விசிட்டிங் கார்டு அச்சடித்துக் காசு பார்த்தவர். அந்தப் பழைய அச்செழுத்துப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து இந்தப் பெயரை உருவாக்கினார். மாடல் டிக்குப் பொருத்தமான எஃகைத் தேடிக் கொடுத்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எஃகையும் எழுத்தையும் ஒரே கை தொட்டிருக்கிறது. முதல் எழுத்தின் மேல்கோடு நேராகப் போகாமல் அலையாக எழும்பி அடுத்த எழுத்தின் தலைக்கு மேலே குடைபிடிக்கும். நீல நீள்வட்டம் காரின் நெற்றியில் ஏறியது 1927 கடைசியில் வந்த மாடல் ஏயில்தான். அதன் பிறகு எத்தனையோ முறை மெருகேற்றினார்கள். அந்தக் குடையை மட்டும் யாரும் தொடவில்லை. நல்லவேளை.

இடையில் ஒரு சிறு செய்தி. 1941 ஜூலையில் ஹென்றி ஃபோர்டு காந்திக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். பதிலுக்குக் காந்தி, இந்தியிலும் ஆங்கிலத்திலும் கையெழுத்திட்டு ஒரு கைராட்டை அனுப்பி வைத்தார். போர்க்காலம், அது கப்பலில் போய்ச் சேர்ந்தது. இயந்திரப் பெருக்கத்தை எதிர்த்தவரும் இயந்திரத்தைப் பெருக்கியவரும் என்று இதை வைத்துப் பெரிய தத்துவம் பேசலாம். எனக்குத் தோன்றுவது சின்ன விஷயம்: சக்கரம், கயிறு, கதிர் என்று சில பாகங்களிலேயே வேலை முடித்துவிடும் அந்த ராட்டையின் எளிமையை மாடல் டி செய்த ஆள் நிச்சயமாக ரசித்திருப்பார்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. இங்கேயே தயாரிக்கும் திட்டம் இருந்தால் இரு, பெட்டியில் பாகம் கொண்டுவந்து பூட்டுவதானால் போ என்று அரசு சொன்னது. 1950களில் ஃபோர்டு போய்விட்டது. அதன் பிறகு வெகுகாலம் அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்டன.

திரும்பி வந்தது 1995இல், மகிந்திராவோடு பாதிக்குப் பாதி கூட்டு. தொழிற்சாலைக்குப் பிடித்த இடம் மறைமலை அடிகளின் பெயரில் சென்னைக்குத் தெற்கே எழுந்த மறைமலைநகர், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டம். சில வருஷத்தில் மாவட்டம் பிரிந்து காஞ்சிபுரம் ஆனது, 2019இல் மீண்டும் பிரிந்தது. இப்போது மறைமலைநகர் செங்கல்பட்டிலும் நாங்கள் காஞ்சிபுரத்திலும் இருக்கிறோம். ஃபோர்டு பெயர்ப்பலகை அதே இடத்தில்தான் இருந்தது. முதல் கார் 1996இல் எஸ்கார்ட், நாசிக்கில் பூட்டியது. ஐரோப்பாவில் மவுசு தீர்ந்த மாடலை இங்கே கொண்டுவந்து விற்றார்கள். எந்த இடத்திலும் வளையவில்லை, எவர் நெஞ்சிலும் நிற்கவில்லை. அதைப் பற்றி ரசித்துச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு வந்ததால்தான் ஐகானின் அருமை. கதவைச் சொல்லிவிட்டேன், எஞ்சினைச் சொல்ல வேண்டும். 1.6 லிட்டர் ரோகாம் பெட்ரோல் எஞ்சினில், வால்வைத் தள்ளும் கேம் தட்டையான இரும்பின் மேல் உரசிக்கொண்டு போகாது. நடுவில் ஒரு சின்ன உருளை இருக்கும். கேம் அதன் மேல் உருண்டு போகும். உரசல் குறைந்தால் சூடு குறையும், இழுவை கூடும். அந்த வித்தியாசம் காகிதத்தில் தெரியாது, காலில் தெரியும். இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியை, முன்னால் போகும் டிப்பர் லாரி வழிவிட்டதும் அழுத்திப் பாருங்கள். சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் எந்நேரமும் ஓடும் எங்கள் சாலையில், ஒரு காரின் யோக்கியதை அந்த இடத்தில்தான் வெளிப்படும். ஐகான் தயங்காது. விளம்பரத்தில் ஜோஷ் மெஷின் என்றார்கள். விளம்பரம் பொய் சொல்லாத அபூர்வ சந்தர்ப்பம்.

ஸ்டியரிங் இன்னும் மேல். தொண்ணூறுகளில் ஃபோர்டு கார்களின் ஓட்டத்தைச் செதுக்கியவர் ரிச்சர்ட் பாரி-ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர். ஒரு காரின் குணம் தெரிய நூறு கிலோமீட்டர் வேண்டாம், முதல் 50 மீட்டர் போதும் என்பது அவர் கட்சி. கிளட்ச் எங்கே பிடிக்கிறது, ஸ்டியரிங்கை நூலளவு திருப்பினால் வண்டி நூலளவு திரும்புகிறதா, பிரேக்கில் கால் வைத்ததும் உதறுகிறதா, நிதானமாக நிற்கிறதா — எல்லாம் அந்த 50 மீட்டரில் தெரிந்துவிடும். ஏரிக்கரை வளைவுகளில் ஐகானையோ பிறகு வந்த ஃபியஸ்டாவையோ ஓட்டியவர்களுக்கு அவர் பெயர் தெரியாது, ஆனால் அவர் சொன்னது தெரியும். சாலையின் சொரசொரப்பு விரல் நுனிவரை வரும், கை கூசாது. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை நெல் காயப்போட்டு அடைத்திருப்பார்கள். கடைசி நொடியில் விலக வேண்டிவந்தால் கார் நம் எண்ணத்துக்கு முன்னால் ஓடாது, பின்தங்கவும் செய்யாது. இதைச் சொற்களில் பிடிப்பது கஷ்டம். எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்: “ஃபோர்டு ஓட்டனவன் கைக்கு வேற வண்டி ஸ்டியரிங் புடிக்காதுணா.”

அவரேதான் மறுபக்கத்தையும் சொன்னார். “ஓட்டத்துக்கு ஒன்னும் சொல்ல முடியாது. ஸ்பேர் வாங்கப் போனாதான் வயித்தெரிச்சல்.” அந்தப் பேச்சு கம்பெனியின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். 2010 மார்ச்சில் 3.49 லட்சத்தில் தொடங்கிய ஃபிகோவில் அதற்கு ஒரு பதில் இருந்தது. ஒரு கொக்கி உடைந்ததற்கு மொத்தப் பாகத்தையும் வாங்க வைக்காமல், உடைந்த துண்டை மட்டும் தனியாக விற்கும்படி பாகங்களைப் பிரித்தார்கள். கண்ணாடிபோல் மின்னும் அலங்காரமல்ல. பட்ஜெட் போட்டு வாழும் குடும்பத்துக்கு வளைந்து கொடுத்தது. ஃபிகோ ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

2013இல் 5.59 லட்சத்தில் வந்த ஈகோஸ்போர்ட்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் கார். பிரேசிலில் பிறந்த பெயர், இந்த இரண்டாம் வடிவத்தை உலகுக்கு முதலில் காட்டியது 2012 தில்லி கண்காட்சியில். நாலு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்ற நம் சட்டத்துக்காக அதன் நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரே ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! வரி அலுவலகத்தின் வாசற்படியில் கட்டைவிரல் படாமல் நின்ற கார் அது. பின்னால் தொங்கும் ஸ்டெப்னியைச் சேர்க்காமல் அளந்த கணக்கு என்பது அதில் இன்னொரு வேடிக்கை. தரைக்கும் வயிற்றுக்கும் 200 மில்லிமீட்டர். ஊருக்கு ஊர் மனம்போனபடி போட்ட வேகத்தடைகளில் தட்டாது. தண்ணீரில் 550 மில்லிமீட்டர் ஆழம்வரை போகலாம் என்றார்கள். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும் ஊரில், இந்த எண்ணுக்கு மைலேஜைவிட மதிப்பு. எண்ணை நம்பி ஓடும் தண்ணீரில் இறங்குவது வேறு, அது புத்தியின் பிரச்சினை.

அதன் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினின் பிளாக்கை ஓர் ஏ4 தாளின் மேல் வைத்துவிடலாம். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே உதறும். அதை அடக்கத் தனியாக ஓர் எதிர்த்தண்டு வைப்பது வழக்கம். இவர்கள் அது வேண்டாமென்று, ஃப்ளைவீலையும் முன்புறப் புல்லியையும் வேண்டுமென்றே சமன் குலைத்துச் செய்தார்கள். ஓர் உதறலை இன்னோர் உதறல் தின்றுவிட்டது. இந்த யோசனைக்காகவே ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால் பின்கதவில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மேலே தூக்காமல் பக்கவாட்டில் திறக்கும் கதவு. அதன் கைப்பிடியை வலது பின்விளக்கின் ஓரத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள், தெரியாதவர் தேடிக்கொண்டே இருப்பார். அழகான ஒளிப்பு. கீல் இடப்பக்கம். வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்தும் பிரேசிலுக்கு அது சரி. நாம் நிறுத்துவது சாலையின் இடது ஓரத்தில். கதவு ஓரத்துப் பக்கமாக விரிந்து மறித்து நிற்கும்; மூட்டை ஏற்றுகிறவர் பஸ்ஸும் டிப்பரும் போகும் பக்கமாக வந்துதான் ஏற்ற வேண்டும். ஐகானில் ஒரு புடவைக்காகக் கதவின் கோணத்தை மாற்றிய கம்பெனி, இதில் கீலை மாற்றவில்லை. இடையே போன பதினாலு வருஷத்தில் கம்பெனியின் பார்வை நம் தெருவிலிருந்து உலகச் சந்தைக்கு நகர்ந்துவிட்டதை இந்த ஒரு கீலே காட்டிவிடுகிறது.

2015இல் வந்த ஆஸ்பயர் காரின் மைகீ என்ற இரண்டாம் சாவியை மட்டும் விட முடியாது. அப்பா தன் சாவியை வைத்துக்கொண்டு மகனுக்கு இதைக் கொடுக்கலாம். வேகத்துக்கு வரம்பு வைத்துவிடலாம். சீட் பெல்ட் போடாவிட்டால் பாட்டு பாடாது. அமெரிக்க விடலைகளுக்காக யோசித்ததுதான். ஆனால் மகன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும் தமிழ்நாட்டு அப்பாவைப் பார்த்துத்தான் செய்தார்களோ என்று சந்தேகம் வரும்.

2004இல் வந்த ஃப்யூஷன் ஏன் விழுந்தது, 2011இன் புது ஃபியஸ்டாவுக்கு ஏன் அவ்வளவு விலை வைத்தார்கள் என்று அலசலாம்; சுவைக்க அங்கே அதிகம் இல்லை. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. மறைமலைநகரில் தொழிலாளர்கள் வாயிலில் போராடினார்கள். 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது, ஒரு ஈகோஸ்போர்ட். அந்த ஈகோஸ்போர்ட் மாடல்தான் அதற்குச் சில வருஷம் முன்பு கப்பலேறி அமெரிக்காவில் விற்பனைக்குப் போனது. கனடாக்காரன் பெட்டியில் அனுப்பியதைச் சென்னையில் பூட்டிய காலம் போய், மறைமலைநகரில் செய்ததை டெட்ராய்ட்காரன் காசு கொடுத்து வாங்கிய காலம் வந்தது. அந்தப் பெருமை இங்கே சரியாகக் கொண்டாடப்படவில்லை.

2025 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசோடு ஃபோர்டு புது ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருஷத்துக்கு 2.35 லட்சம் எஞ்சின்கள், 2029இல் உற்பத்தி தொடக்கம் என்கிறார்கள். காரல்ல, எஞ்சின் மட்டும், அதுவும் ஏற்றுமதிக்கு. வேலை வருவது நல்லது. மற்றதை எஞ்சின் வந்த பிறகு பார்க்கலாம்.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மறைமலைநகர் வரிசையில் கதவைப் பூட்டியவர்கள், பெயின்ட் அடித்தவர்கள், கடைசிச் சோதனையில் வண்டியை ஓட்டிப் பார்த்தவர்கள் செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். எந்த மாடலில் எந்தக் கதவு சரியாக உட்கார மறுத்தது, எதை எப்படிச் சரிசெய்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கம்பெனி வரலாறு எழுதுகிறவர்கள் அதையெல்லாம் கேட்க வர மாட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், உட்கார வைத்துக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.